விசைத் தெளிப்பானின் புகைத்துளையில் கரி சேர விடாதீர்கள்

பயிருக்கு மருந்து அடித்து நான்கு நாட்கள் ஆகியும் பூச்சி குறையவில்லை என்றால், நமக்கு முதலில் மருந்தின் மீதுதான் சந்தேகம் எழுகிறது. மருந்து போலியாக இருக்குமோ, பூச்சிக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டதோ என்று எண்ணுகிறோம். அவ்வாறு இருக்கவும் கூடும். ஆனால் மருந்தை இலைக்குக் கொண்டு சேர்க்கும் கருவி சரியாக வேலை செய்ததா என்று பார்ப்பவர்கள் மிகச் சிலரே.

கரிசல் பகுதியில் பருத்தி பயிரிட்ட உழவர் ஒருவர் தத்துப்பூச்சிக்கு இரண்டு முறை மருந்து அடித்தும் பலனில்லை என்று கூறினார். வயலுக்குச் சென்று பார்த்தபோது மேல் இலைகளின் ஓரங்கள் மருந்தினால் கருகியிருந்தன. பூச்சி தங்கும் அடிப்பரப்பிலோ மருந்து பட்ட அடையாளமே இல்லை. அவருடைய விசைத் தெளிப்பானை இயக்கச் சொன்னோம். எஞ்சின் ஓடியது, ஆனால் ஆக்சிலரேட்டரை முழுவதும் கொடுத்தும் வேகம் ஏறவில்லை. சைலன்சரைக் கழற்றிப் பார்த்ததில், புகை வெளியேறும் துளையில் பாதிக்கு மேல் கரி அடைத்திருந்தது. அந்தக் கரியைச் சுரண்டி எடுக்க அரை மணி நேரமே ஆயிற்று. அதைப் பருவத் தொடக்கத்திலேயே செய்திருந்தால், அவருக்கு ஒரு முறை அடித்த மருந்தின் விலையும் ஆள் கூலியும் மிச்சமாகியிருக்கும்.

எஞ்சின் பராமரிப்பைப் பற்றி உழவியல் துறையினர் எழுதுவதற்குக் காரணம் இதுவே. எஞ்சினில் சேரும் கரி பயிரில் பூச்சியாகத் தெரிகிறது.

காற்றே மருந்தைச் சுமக்கிறது

முதுகில் சுமந்து செல்லும் விசைத் தெளிப்பானில் எஞ்சினின் வேலை காற்றாடியைச் சுழற்றுவதாகும். காற்றாடி தள்ளும் காற்று நீண்ட குழாயின் வழியே மிகுந்த வேகத்தில் வெளிவருகிறது. குழாய் முனையில் சொட்டும் மருந்துக் கரைசலை அக்காற்று சிதறடித்துப் பனி போன்ற நுண்துளிகளாக்குகிறது. அதே காற்றுதான் இலைகளை அசைத்துப் புரட்டி, அடிப்பரப்பிலும் துளிகள் படியச் செய்கிறது.

எஞ்சினின் வேகம் குறைந்தால் காற்றின் விசை அதைவிடப் பன்மடங்கு குறையும். வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால், காற்றுக்குக் கிடைக்கும் சக்தி ஏறத்தாழப் பாதியாகிவிடும். ஆனால் டாங்கிலிருந்து இறங்கும் கரைசல் அந்த அளவுக்குக் குறைவதில்லை. ஆகவே குறைந்த காற்று அதிகக் கரைசலைச் சிதறடிக்க வேண்டியதாகிறது, துளிகள் பெரியவையாகின்றன. துளியின் குறுக்களவு இரு மடங்கானால், முன்பு எட்டுத் துளிகளாகப் பரவிய மருந்து ஒரே துளியாக விழுகிறது என்று பொருள். ஏழு இடங்களில் மருந்து படாமல் போகிறது.

மற்றொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒரு ஏக்கருக்குக் கைத் தெளிப்பானில் சுமார் 200 லிட்டர் கரைசல் தெளிக்கிறோம். விசைத் தெளிப்பானில் சுமார் 60 லிட்டர் போதும். மருந்தின் அளவு மாறுவதில்லை, தண்ணீர்தான் குறைகிறது. எனவே விசைத் தெளிப்பானில் உள்ள கரைசல் மூன்று மடங்குக்கு மேல் கடுமையானது. இந்தக் கடுமையான கரைசல் பெரிய துளிகளாக மேல் இலையில் விழுந்தால் இலை கருகும். பூச்சியோ கீழே பாதுகாப்பாக இருக்கும்.

புகைத்துளையின் வேலை

பெரும்பாலான முதுகு விசைத் தெளிப்பான்களில் இருப்பது டூ ஸ்ட்ரோக் எஞ்சினாகும். ஸ்காட்லாந்துப் பொறியாளர் டுகால்ட் கிளார்க் 1878ஆம் ஆண்டில் இவ்வகை எஞ்சினை உருவாக்கினார். பின்னர் இங்கிலாந்தின் ஜோசப் டே அதை மேலும் எளிமையாக்கினார். நம் தெளிப்பான்களில் இருப்பது அந்த எளிய வகையே.

இதில் தனியே திறந்து மூடும் வால்வுகள் இல்லை. சிலிண்டரின் சுவரில் துளைகள் உள்ளன. பிஸ்டன் மேலும் கீழும் செல்லும்போது அத்துளைகளைத் தானே மூடித் திறக்கிறது. எரிந்த புகை ஒரு துளையின் வழியே சைலன்சருக்குச் செல்லும் அதே வேளையில், புதிய பெட்ரோல் கலவை மற்றத் துளைகளின் வழியே உள்ளே வருகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடினால் புகைத்துளை ஒரு விநாடிக்கு 100 முறை திறந்து மூடுகிறது. அந்த நொடிப்பொழுதில் புகை வெளியேறியாக வேண்டும். துளை குறுகியிருந்தால் பழைய புகை உள்ளேயே தங்கிவிடும். புதிய கலவைக்கு இடமிருக்காது. எஞ்சின் பலம் இழக்கும்.

இத்துளையின் உயரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு மோட்டார் சைக்கிள்களைச் சான்றாகக் கூறலாம். ஜப்பானின் யமஹா நிறுவனம் 1977ஆம் ஆண்டில் தன் பந்தய வண்டியின் புகைத்துளையில் 'பவர் வால்வு' என்ற அமைப்பைப் பொருத்தியது. வேகம் குறைவாக இருக்கும்போது அது துளையின் மேல் விளிம்பைத் தாழ்த்தும்; வேகம் கூடும்போது உயர்த்தும். சில மில்லி மீட்டர் வேறுபாட்டிலேயே எஞ்சினின் பலம் மாறுகிறது என்பதால்தான் இத்தனை ஏற்பாடும். அந்த வால்விலும் கரி படிந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால், அதைக் கழற்றிச் சுத்தம் செய்வது அவ்வண்டிகளின் பராமரிப்பில் ஒரு பகுதியாகும். நம் தெளிப்பானில் பவர் வால்வு கிடையாது. ஆனால் அதன் சிறிய துளையில் ஒன்றிரண்டு மில்லி மீட்டர் கரி படிந்தாலே துளை தாழ்ந்தும் குறுகியும் போய்விடுகிறது.

கரி சேர்வதற்குக் காரணங்கள்

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயிலைப் பெட்ரோலுடன் கலந்தே ஊற்றுகிறோம். பிஸ்டனுக்கும் பேரிங்குகளுக்கும் வழவழப்புக் கொடுத்த பிறகு அந்த ஆயிலும் எரிகிறது. முழுவதும் எரியாத பகுதி கரியாகிப் புகைத்துளை, சைலன்சர், பிஸ்டன் தலை, பிளக் ஆகியவற்றில் படிகிறது. ஓரளவு கரி சேர்வது இயல்பே. கீழ்க்கண்ட தவறுகளால் அது விரைவில் சேர்கிறது.

1. அளவுக்கு அதிகமாக ஆயில் கலத்தல்.
2. 2டி ஆயிலுக்குப் பதிலாக டிராக்டர் ஆயில், பம்புசெட் ஆயில் அல்லது வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயிலைக் கலத்தல்.
3. ஏர் பில்டரில் தூசி அடைத்துக் காற்று குறைதல்.
4. எஞ்சின் சூடான பிறகும் சோக்கைத் திறக்காமல் ஓட்டுதல்.
5. மருந்து கலக்கும் நேரம் முழுவதும் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு வைத்தல்.

அடையாளங்கள்

எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் முழு வேகம் பிடிப்பதில்லை, ஓசை மந்தமாகிறது, வழக்கத்தைவிட விரைவில் சூடாகிறது, சைலன்சர் வாயிலிருந்து கறுப்பாக எண்ணெய் கசிகிறது, மருந்துப் பனி முன்பு சென்ற தூரம் செல்வதில்லை. இவற்றில் இரண்டு தென்பட்டாலும் சைலன்சரைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

சுத்தம் செய்யும் முறை

இவ்வேலையைப் பருவத்தின் முதல் தெளிப்புக்கு முன்னரே செய்துகொள்ளுதல் நலம். ஸ்பேனர், பிளக் ஸ்பேனர், திருப்புளி, மூங்கில் சிம்பு, பழைய பல் துலக்கும் பிரஷ், கம்பி பிரஷ், சுத்தமான துணி, புதிய சைலன்சர் கேஸ்கட் ஆகியவை தேவை.

1. தெளிப்பானை வெளிப்புறம் முழுவதும் சோப்பு நீரால் கழுவித் துடைத்து உலர விடவும். எஞ்சினுக்குள் தண்ணீர் புகாமல் பார்த்துக்கொள்ளவும். கருவியின் மேல் மருந்து படிந்திருக்கும். ஆகவே கையுறை அணிந்துகொள்ளவும்.

2. எஞ்சின் நன்கு ஆறியிருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது சைலன்சரைத் தொடக்கூடாது. பெட்ரோலை வடித்துத் தொலைவில் வைக்கவும். பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் அருகில் இருக்கக்கூடாது.

3. பிளக்கின் ஒயரைக் கழற்றிவிட்டு, பிளக்கையும் கழற்றவும். தூசி விழாதபடி பிளக் துளையைத் துணியால் மூடவும்.

4. மேல்மூடியை எடுத்துவிட்டுச் சைலன்சரின் போல்ட்டுகளைக் கழற்றவும். எந்தப் போல்ட்டு எங்கே இருந்தது என்று தெரியும்படி ஒரு தட்டில் வரிசையாக வைக்கவும்.

5. இப்போது புகைத்துளை கண்ணுக்குத் தெரியும். ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுத்துப் பிஸ்டனை மேலே கொண்டு வரவும். பிஸ்டனின் பக்கச் சுவர் துளையை முழுவதும் மூடியிருக்க வேண்டும். இவ்வாறு மூடாமல் சுரண்டினால் கரித்துண்டுகள் சிலிண்டருக்குள் விழும். அவை பிஸ்டன் ரிங்குகளில் சிக்கிச் சிலிண்டரைக் கீறிவிடும். இப்படி ஒருமுறை கீறல் விழுந்தால் ஆகும் செலவு பெரிது.

6. மூங்கில் சிம்பின் முனையை உளி போலச் சீவி, துளையைச் சுற்றியுள்ள கரியை மெதுவாகச் சுரண்டவும். திருப்புளி, ஆணி, கத்தி, உப்புத்தாள் ஆகியவற்றை இங்கே பயன்படுத்தக்கூடாது. சிலிண்டர் அலுமினியத்தால் ஆனது. உட்சுவரில் மெல்லிய கடினப் பூச்சு உள்ளவையும் உண்டு. இரும்பு பட்டால் துளையின் விளிம்பும் பிஸ்டனும் காயப்படும். கரி கடினமாக இருந்தால் சிறிது மண்ணெண்ணெய் தடவிச் சற்றுப் பொறுத்துச் சுரண்டவும். காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரிக்கும். அதைத் தொடவே வேண்டாம்.

7. உதிர்ந்த கரியைச் சைக்கிள் பம்பினால் வெளிநோக்கி ஊதிவிட்டு, துணியால் துடைக்கவும். ஒரு துகளும் இல்லை என்று உறுதியான பிறகே ஸ்டார்ட்டர் கயிற்றை இழுக்கலாம்.

8. சைலன்சரை மரக்கட்டையால் மெதுவாகத் தட்டிக் கரியை உதிர்க்கவும். அதன் வாயில் தீப்பொறி தடுக்கும் கம்பிவலை இருந்தால், அதைக் கழற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கவும். பல நேரங்களில் புகைத்துளை நன்றாக இருக்க, இவ்வலை மட்டும் அடைத்திருக்கும். வலை கிழிந்திருந்தால் புதியது போட வேண்டும். வலையில்லாமல் ஓட்டினால் காய்ந்த சருகில் தீப்பற்றும் அபாயம் உண்டு.

9. புதிய கேஸ்கட் வைத்துச் சைலன்சரைப் பொருத்தவும். போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கவும். பிளக்கைப் பொருத்தி, திறந்த வெளியில் சில நிமிடங்கள் ஓட்டவும். நிறுத்தி ஆறிய பிறகு போல்ட்டுகளை மீண்டும் ஒருமுறை சரிபார்க்கவும்.

இவ்வளவும் செய்த பிறகும் வேகம் பிடிக்கவில்லை என்றால், ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுத்துப் பாருங்கள். நல்ல எஞ்சினில் கயிறு ஓரிடத்தில் இறுக்கிப் பிடிக்கும். இறுக்கமே இல்லையெனில் ரிங்குகள் தேய்ந்திருக்கக்கூடும். கார்புரேட்டரிலும் குறை இருக்கலாம். இவற்றை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே சரி.

ஆயில் அளவு

கரி சேர்கிறது என்பதற்காக ஆயிலைக் குறைப்பது பெருந்தவறு. ஆயில் போதாவிட்டால் பிஸ்டன் சிலிண்டருடன் ஒட்டிக்கொண்டு எஞ்சின் இறுகிவிடும். கருவியுடன் தந்த கையேட்டிலோ பெட்ரோல் டாங்கின் மூடியிலோ குறித்துள்ள விகிதமே சரியானது. அதற்கேற்ற அளவு வருமாறு.

25க்கு 1 என்றால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மி.லி. ஆயில்.
30க்கு 1 என்றால், 33 மி.லி.
40க்கு 1 என்றால், 25 மி.லி.
50க்கு 1 என்றால், 20 மி.லி.

கண்ணளவில் ஊற்றாமல், மருந்துக் கடைகளில் கிடைக்கும் அளவு மூடியினால் அளந்து ஊற்றவும். தெளிப்பானின் டாங்கிலேயே கலக்கக்கூடாது. தனி டப்பாவில் பாதிப் பெட்ரோலை ஊற்றி, ஆயிலைச் சேர்த்துக் குலுக்கி, மீதிப் பெட்ரோலை ஊற்றி மறுபடியும் குலுக்கவும். ஒவ்வொரு முறை டாங்கில் நிரப்பும் முன்பும் குலுக்குதல் அவசியம்.

போர் ஸ்ட்ரோக் எஞ்சின் பொருத்திய தெளிப்பான்களும் இப்போது உள்ளன. ஆயில் ஊற்ற எஞ்சினில் தனி மூடி இருந்தால் அது போர் ஸ்ட்ரோக் எஞ்சின். அதில் பெட்ரோலுடன் ஆயிலைக் கலக்கக்கூடாது.

பெட்ரோலும் காற்றும் பிளக்கும்

20 சதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரி முதல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்து, இன்று எங்கும் பரவியுள்ளது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் மிகுந்தால் அது தண்ணீருடன் சேர்ந்து அடியில் தனியே பிரிந்து நிற்கும். ஆகவே இரண்டொரு நாளுக்குத் தேவையான கலவையை மட்டும் தயாரித்துக்கொள்ளவும். தெளிப்பு முடிந்ததும் மீதியை வடித்துவிட்டு, எஞ்சின் தானே நிற்கும் வரை ஓடவிட்டுக் கார்புரேட்டரைக் காலி செய்யவும். ரப்பர் குழாய் உப்பியோ வெடித்தோ இருந்தால் மாற்றவும்.

ஏர் பில்டரை ஒவ்வொரு நாளும் பார்க்கவும். ஸ்பாஞ்சு வகையானால் சோப்பு நீரில் கழுவி, முறுக்காமல் அழுத்திப் பிழிந்து, நிழலில் உலர்த்திப் பொருத்தவும். பில்டர் இல்லாமல் ஒருபோதும் ஓட்டக்கூடாது.

பிளக் எஞ்சினின் நாடி போன்றது. அதன் முனை வெளிர் பழுப்பாக இருந்தால் எல்லாம் நலம். உலர்ந்த கறுப்புக் கரி இருந்தால் காற்று போதவில்லை. எண்ணெய் ஈரத்துடன் கறுத்திருந்தால் ஆயில் அதிகம். வெளுத்திருந்தால் எஞ்சின் அதிகச் சூட்டில் ஓடுகிறது. ஆயில் அளவையும் கார்புரேட்டரையும் உடனே கவனிக்க வேண்டும். பிளக் முனைகளுக்கு இடையே பொதுவாக 0.6 முதல் 0.7 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும்.

எத்தனை மணிக்கு ஒருமுறை?

கையேட்டில் குறித்துள்ள காலமே முதன்மையானது. கையேடு இல்லாதவர்கள் 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை பிளக்கையும், 50 மணிக்கு ஒருமுறை தீப்பொறி வலையையும், 100 மணிக்கு ஒருமுறை புகைத்துளையையும் பார்ப்பது நல்லது. மணிக்கணக்கு வைப்பது கடினமன்று. ஒரு டாங்க் பெட்ரோல் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று ஒருமுறை கடிகாரம் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு நிரப்பிய டாங்குகளைச் சுவரிலோ நோட்டிலோ கோடு போட்டு வந்தால் கணக்குத் தானே கிடைக்கும்.

பருவம் முடிந்து கருவியை எடுத்து வைக்கும்போது பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி 2டி ஆயில் விட்டு, கயிற்றை இரண்டு மூன்று முறை மெதுவாக இழுத்துப் பிளக்கைப் பொருத்தவும். சைலன்சர் வாயில் குளவி மண்கூடு கட்டுவதுண்டு. துணியால் அதைக் கட்டி வைக்கவும். அடுத்த பருவத்தில் எடுக்க மறவாதிருக்க, ஸ்டார்ட்டர் கைப்பிடியிலும் ஒரு துணித்துண்டைக் கட்டிவிடவும்.

வெள்ளைத்தாள் சோதனை

கருவி சரியாக உள்ளதா என்பதை மருந்தைச் செலவிடாமலே அறியலாம். தெளிப்பானை நன்கு கழுவி, வெறும் தண்ணீரில் துணிக்குப் போடும் நீலம் கலந்து ஊற்றவும். சிறு வெள்ளைத்தாள் துண்டுகளைச் செடியின் மேல், நடு, அடி இலைகளில், இலையின் கீழ்ப்புறமாகக் குண்டூசியால் குத்தி வைக்கவும். வழக்கமான நடையில் தெளித்துச் சென்று தாள்களை எடுத்துப் பாருங்கள். நெருக்கமான சிறு புள்ளிகள் இருந்தால் கருவி நன்றாக உள்ளது. பெரிய திட்டுகளாக வழிந்தோ வெறுமையாகவோ இருந்தால், மருந்துப் புட்டியைத் திறக்க வேண்டாம். முதலில் சைலன்சரைத் திறந்து பாருங்கள். தெளிப்பானை வாடகைக்கு எடுப்பவர்களும் இச்சோதனையைச் செய்து பார்த்த பிறகே வயலில் இறங்குவது நல்லது.

பலன் தராத ஒவ்வொரு தெளிப்பும் மறு தெளிப்பைக் கேட்கிறது. அதனால் பணம் வீணாவதோடு, தெளிப்பவரின் உடலில் மேலும் ஒருமுறை நஞ்சு படுகிறது. வயலிலுள்ள நன்மை செய்யும் பூச்சிகளும் மடிகின்றன. ஒரு கேஸ்கட்டின் விலையையும் ஒரு காலைப் பொழுதையும் செலவிட்டால் இவற்றைத் தவிர்க்கலாம். எனவே உழவர் பெருமக்கள் வரும் பருவத்தின் முதல் தெளிப்புக்கு முன்பாகத் தங்கள் விசைத் தெளிப்பானின் புகைத்துளையைத் திறந்து பார்த்து, கரியை நீக்கிப் பயன் பெறுவார்களாக.